அடியந்திர நாடகம்

தாணம்மாள் எழுதிய முதல் நாடகத்திலேயே நடுவீட்டில் ஒரு பிணம் கிடந்தது. பெண் பார்க்க வந்த கூட்டம் வீடு மாறிப் பக்கத்துத் துக்க வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அழுதுகொண்டிருக்கிற பெண்களில் யார் மணப்பெண் என்று தெரியாமல், மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொருத்தியாகத் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறாள். செம்பரத்திவிளை அம்மன் கோயில் கொடை விழாவில் அதைப் போட்டபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாள் காலையில் அதே ஊர், கல்யாணம் ஆகாத ஒரு பெண் எழுதுகிற எழுத்தா இது என்று அவளுடைய அப்பாவிடம் வந்து கேட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஐம்பது வயது தாண்டும்வரை எழுதிய எல்லா நாடகத்திலும் யாராவது செத்தார்கள், அல்லது சாகப் போனார்கள், அல்லது செத்ததாக நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு இரண்டு இடத்தில் கல்யாணம் பேசினார்கள். இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் அவள் நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. சென்னையிலிருந்து வந்த ஒரு சீரியல்காரர் நாகர்கோவிலில் அவள் நாடகத்தைப் பார்த்துவிட்டு, கை நன்றாக இருக்கிறது, சாவு வருகிற இடத்தில் சிரிப்பை எடுத்துவிட்டு அழுகையை வைத்தால் நாளைக்கே வேலை தருகிறேன் என்றார். அழுகையை யார் வேண்டுமானாலும் எழுதலாமே, அதற்கு நான் எதற்கு என்று கேட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சோற்றுக்கு வேலை இருந்தது. பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்பு பதிகிற கவுண்டர் அவளுடையது. அப்பா செத்த மூன்றாம் நாளே சர்டிபிகேட் வாங்க வந்து, அப்பாவின் முழுப்பெயர் தெரியாமல் வெளியே போய் அம்மாவுக்குப் போன் போடுகிற மகன்களை அவள் தினமும் பார்த்தாள். அவளுக்குக் கதைக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அவளுடைய நாடகங்களில் முக்கிய வேஷம் எல்லாம் தங்கப்பனுக்குத்தான். இரணியல் பக்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு பெரிய கோமாளித்தனத்தையும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற முகத்தோடு செய்வார். கூட்டம் உருண்டு சிரிக்கும்போது, சில்லறை இல்லாதவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கிற குரல். தாணம்மாள் திரைக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் வசனம் எடுத்துக் கொடுப்பாள். மேடை ஏறியதே இல்லை. எதிரே நாலு பேர் நின்று பார்த்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவளுக்கு ஐம்பது தாண்டிய வருஷம், ஊரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற சுயம்புராஜ் ஒரு பிரீஸர் பெட்டி வாங்கி ஊருக்குக் கொடுத்தார். இறந்தவர்களை வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி. நாலு பக்கமும் 'உபயம்: கே. சுயம்புராஜ், கொடை விழாக் கமிட்டித் தலைவர்' என்று எழுதி, தலைமாட்டில் அவர் கைகூப்பி நிற்கிற படமும் ஒட்டியிருந்தது. கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர். ஆனால் அதில் தண்ணீர் குடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அவர் பெயரை வாசித்துவிட்டுத்தான் குடிக்கவேண்டும்.

பெட்டி வந்து ஐந்து மாதமாகியும் செம்பரத்திவிளையில் ஒருவரும் சாகவில்லை. ஒருநாள் சுயம்புராஜ் வேறு ஏதோ வேலையாகப் பேரூராட்சிக்கு வந்தவர், தாணம்மாளின் கவுண்டருக்குள் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்த மாசமும் நம்ம ஊருல ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்றாள். அவர் முகம் வாடிப்போனதை அவள் கண்ணால் பார்த்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் முதல் காட்சியை எழுதினாள்.

நாடகத்தின் பெயர் 'திறப்பு விழா'. கோலப்பன் என்கிற பணக்காரன் ஊருக்குப் பிணப்பெட்டி ஒன்று கொடுத்துவிட்டு, திறப்பு விழாவுக்காக யாராவது சாகமாட்டார்களா என்று காத்திருக்கிறான். படுத்த படுக்கையாகக் கிடக்கிற லெச்சுமிக் கிழவிமேல்தான் அவனுடைய நம்பிக்கை. தினமும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கப் போகிறான். அதைத் தின்று தின்று கிழவிக்கு உடம்பு தேறிவிடுகிறது. கடைசியில் பெட்டி எவ்வளவு சுகமானது என்று ஊருக்குக் காட்டுவதற்காக, அவனே அதற்குள் ஏறிப் படுத்துக்கொண்டு ரிப்பனை வெட்டச் சொல்கிறான்.

தங்கப்பன் கையெழுத்துப் பிரதியை வாசித்துச் சிரித்ததில் இருமல் வந்து, அவர் மனைவி பிச்சம்மாள் வெந்நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. இது யாரென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்று அவர் கேட்டார். தெரியட்டும் என்றாள் தாணம்மாள். கொடைக்கு ஒத்திகை ஆரம்பித்தது.

ஒத்திகை நடந்தால் கதை வெளியே போகாமல் இருக்குமா? சுயம்புராஜ் ஆள் அனுப்பினார். நாடகத்தில் வருகிற பெட்டியைத் தையல் மிஷினாக மாற்றிவிட்டால் போதும், நாடகத்துக்குத் தனியாக ஒரு பரிசும் தருவதாகச் சொன்னார். தையல் மிஷினுக்காக யாரும் சாகவேண்டியதில்லையே, பிறகு நாடகத்தில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தங்கப்பன் குளித்துவிட்டு வந்து, துண்டைக் கொடியில் போடக் கையைத் தூக்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

தாணம்மாள் போய்ச் சேர்ந்தபோது அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். முகம் மாறவே இல்லை. சில்லறை கேட்கிற அதே முகம். அவள் எத்தனையோ சாவு வீடுகளை எழுதியிருக்கிறாள். இந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

ஒரே மகன் ரதீஷ் மஸ்கட்டில் இருந்தான். கம்பெனியில் பாஸ்போர்ட்டை வாங்கி, டிக்கெட் போட்டு வந்துசேர ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். சித்திரை வெயில். தக்கலையில் வாடகைக்குக் கிடைக்கிற பெட்டிகள் வேறு வீடுகளுக்குப் போயிருந்தன. ஆஸ்பத்திரிப் பிணவறையில் கொண்டுபோய் அவரைத் தனியாகப் போடமாட்டேன் என்று பிச்சம்மாள் சொல்லிவிட்டாள். நாடகக் குழுவுக்கு செட் போடுகிற ஷாஜன், தன் டெம்போவை எடுத்துக்கொண்டு சுயம்புராஜ் வீட்டுக்குப் போனான்.

வெறும் டெம்போதான் திரும்பி வந்தது. ஷாஜன் தாணம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பெட்டி தயாராக இருக்கிறதாம். தாணம்மாள் வந்து கமிட்டிக்காரர்கள் முன்னால் இந்த நாடகத்தை இனி எங்கும் போடமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், உடனே ஆள் வைத்துத் தூக்கி அனுப்புகிறாராம்.

அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டாள். எழுதியது அவள், கிடப்பது தங்கப்பன். இன்னொருவர் உடம்பை வைத்து வீம்பு பிடிக்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒரு நாடகம் போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். முற்றம் தாண்டுவதற்குள் பிச்சம்மாள் கூப்பிட்டாள். ஷாஜன் சொன்னது எப்படியோ அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஏட்டி தாணு, எங்க போற?"

"பெட்டி எடுத்துட்டு வரப் போறேன் மயினி."

"இஞ்ச வா. குளச்சல்ல மீனக் கெடாம மூணு நாளு வைக்கியானுவ. எனக்க ஆளு மீனவிடக் கேடா போயிட்டாரா?"

பிச்சம்மாள் ஷாஜனைப் பார்த்து, ஐஸ் பார் எத்தனை கிடைக்குமோ அத்தனையும் ஏற்றிக்கொண்டு வா என்றாள். நாடகத்தை நிறுத்துவதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் இனி பேச வேண்டாம் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

மத்தியானத்துக்குள் குளச்சலிலிருந்து ஐஸ் வந்தது. அவரைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குக் கீழே தார்ப்பாய் விரித்து, மரத்தூள் கொட்டி, ஐஸ் பாரை அடுக்கினார்கள். உருக உருக ஷாஜன் போய்க் கொண்டுவந்தான். சனிக்கிழமை திங்கள்சந்தையிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மூக்கைச் சுருக்கி, ஏதோ மீன் வாடை அடிக்கிறதே என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். பிச்சம்மாள் தலையைத் தூக்காமலே, அவருக்கு மீன் என்றால் உயிர் என்றாள்.

முதலில் யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இன்னொருத்தி. சாவு வீட்டில் அடக்கிய சிரிப்பு அடுப்பில் பொங்குகிற பால் மாதிரி. யாராலும் நிறுத்த முடியவில்லை. தாணம்மாளும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு அழுகையும் வந்தது, காலையிலிருந்து வராத அழுகை.

ரதீஷ் வந்து கொள்ளி வைத்தான். மறுநாள் கமிட்டி கூடி, துக்கத்தை முன்னிட்டு இந்த வருஷம் நாடகம் ரத்து என்றும், அதற்குப் பதிலாகக் கானமேளா நடக்கும் என்றும் அறிவித்தது. துக்கத்துக்குப் பாட்டுக் கச்சேரி பொருத்தம், நாடகம் பொருத்தமில்லை என்று முடிவெடுத்தவர்களை நினைத்துத் தாணம்மாளுக்குக் கோபத்தைவிட வியப்புதான் வந்தது. இதை அவள் எழுதியிருந்தால் மிகைப்படுத்திவிட்டாள் என்று சொல்லியிருப்பார்கள்.

மேடை போய்விட்டது என்று சொல்லத்தான் தாணம்மாள், பிச்சம்மாளின் வீட்டுக்குப் போனாள். பிச்சம்மாள் மருமகளோடு உட்கார்ந்து, பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தாள். இவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பின்னாலே தென்னந்தோப்பு சும்மாதானே கிடக்கிறது என்றாள். சாப்பாட்டுக்குப் பந்தல் எப்படியும் போடுகிறோம், சாப்பிட்ட ஆள்கள் அங்கேயே இருப்பார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு நாடகத்தைப் போடு.

ரதீஷ் எழுந்துவிட்டான். அப்பாவின் அடியந்திரத்தில் கோமாளிக்கூத்தா, ஊரில் நான் தலைநிமிர்ந்து நடக்கவேண்டாமா என்று கேட்டான். பிச்சம்மாள் அவனை உட்காரச் சொன்னாள்.

"மக்கா, உனக்க அப்பன் உன்ன ஸ்கூலுக்குக் கொண்டு விட்டது டிக்கெட் கிழிச்ச கையோட. ஆனா அவரு சந்தோசமா இருந்தது நாடகத்துல மட்டுந்தான். அத ஊருக்கு முன்னால ஒளிச்சு வைக்க எனக்குப் பிரியம் இல்ல."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை.

இனிக் கோலப்பன் வேஷத்துக்கு ஆள் வேண்டும். ஷாஜன் முயன்று பார்த்தான். மூன்றாவது வரியில் குழம்பினான். இன்னொரு பையன் சுயம்புராஜ் கடையில் வேலை செய்கிறவன், கும்பிட்டுவிட்டு விலகிக்கொண்டான். வசனம் முழுவதும் தெரிந்த ஆள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தாணம்மாள் தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் மீசையை ஒட்டி, அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டிப் பார்த்தாள். கால் நடுங்குவது வேட்டிக்குள் தெரியவில்லை. அந்த அளவுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

சுயம்புராஜ் சும்மா இருக்கவில்லை. தோப்பில் மைக் செட் வைத்தால் கலவரம் வரும் என்று போலீசுக்கு மனு போனது. மைக்குக்கு அனுமதி இல்லை என்று வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மைக் இல்லாமலே போடலாம் என்று அவர்களிடமே சொன்னாள் தாணம்மாள். சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு சின்னது என்பது ஞாபகம் வந்தது.

அடியந்திரத்துக்கு ஊர் முழுவதும் வந்தது. சுயம்புராஜும் வந்தார். வராவிட்டால் பயந்துவிட்டார் என்று பேசுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட்டு எழுந்து, முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தார், எவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்கிற மாதிரி.

தாணம்மாள் வெளியே வந்து முதல் வசனத்தைச் சொன்னாள். மூன்றாம் வரிசைக்கு அப்பால் யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலிருந்து கேக்கல கேக்கல என்று குரல் வந்தது. அப்படியே உள்ளே ஓடிவிடலாமா என்று தோன்றியது. அப்போது பின்வரிசையிலிருந்து ரதீஷ் எழுந்தான். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் காலடியில் போட்டு உட்கார்ந்தான். அவனைப் பார்த்து ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். நாற்காலி இல்லாதவர்கள் மண்ணில் உட்கார்ந்தார்கள். சுயம்புராஜைச் சுற்றியும் ஆள் நெருக்கி அடைத்தது. எழுந்து போக வழி இல்லாமல் ஆயிற்று.

இப்போது அவள் பேசியது எல்லோருக்கும் கேட்டது. தங்கப்பன் மாதிரி அவள் செய்யவில்லை; செய்ய வரவும் இல்லை. அவளுடைய கோலப்பன் கொஞ்சம் பயந்தவன், கொஞ்சம் பாவப்பட்டவன், பெயர் எடுக்கவேண்டும் என்று உள்ளுக்குள் ஏங்கிச் சாகிறவன். கிழவிக்கு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்துக்கொண்டே, இன்னைக்கு நெஞ்சு வலி எப்படி இருக்கு, கூடியிருக்கா என்று ஆசையாகக் கேட்டபோது தோப்பே அதிர்ந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் கூட்டத்தில் பாதி, சுயம்புராஜைத் திரும்பிப் பார்த்தது.

கிழவி மூன்றாவது ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தபோது அவர் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க. செத்த வீட்டுல வச்சு என்னய அவமானப்படுத்தணும்னு எத்தன நாளா பிளான் போட்டியோ?"

தாணம்மாள் ஆப்பிளைக் கீழே வைத்தாள். பயம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. மீசையை எடுக்காமலே அவரைப் பார்த்துப் பேசினாள்.

"முதலாளி, உக்காருங்க. இது நீங்க இல்ல. நான் எழுதுன கோலப்பன், பெட்டிய எடுத்துக்கிடுங்க எடுத்துக்கிடுங்கன்னு வீடு வீடா ஏறிக் கெஞ்சுதவன். செத்த வீட்டுல இருந்து வந்து கேட்டப்போ தரமாட்டேன்னு சொன்னவன எழுத எனக்குத் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியாமல் போயிருக்க வேண்டும். ஆள்களை விலக்கிக்கொண்டு, ஒருத்தர் மடியில் கால் தட்டி, மன்னிக்கணும் என்று தன்னையறியாமல் சொல்லி, தோப்பைத் தாண்டிப் போனார். அவர் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாணம்மாள் நாடகத்துக்குத் திரும்பினாள். அடுத்த வரி வரவில்லை. தானே எழுதிய வரி. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வரி. திரைக்குப் பின்னால் எடுத்துக் கொடுக்க இன்று யாரும் இல்லை. வாயைத் திறந்தபடி நின்றாள்.

கூட்டத்தின் ஓரத்தில், வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்த பிச்சம்மாள் அந்த வரியைச் சொன்னாள். சத்தமாக, தங்கப்பனின் அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். வீட்டில் சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் அவர் சொல்லிக்கொண்டே இருந்ததைக் கேட்டுக் கேட்டு, அவளுக்கு நாடகம் முழுவதும் மனப்பாடமாக இருந்தது. தாணம்மாள் அதை வாங்கித் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகு நாடகம் எங்கும் நிற்கவில்லை. கோலப்பன் பெட்டிக்குள் ஏறிப் படுத்து ரிப்பனை வெட்டச் சொன்னபோது, ரதீஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

அதன் விலையை அவள் கொடுத்தாள். அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் மேடையில் நடித்ததாகப் புகார் போய், அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். செயல் அலுவலர் நல்லவர்; இனி எழுதமாட்டேன் என்று ஒரு வரி கொடுத்துவிடுங்கள், முடித்துவிடலாம் என்றார். நடிக்கமாட்டேன் என்று வேண்டுமானால், என்னைவிட நல்ல ஆள் கிடைத்த அன்றைக்கு எழுதித் தருகிறேன் என்றாள் அவள். எழுதமாட்டேன் என்பதை அவள் பேச்சுக்கே எடுக்கவில்லை. அவளைக் கவுண்டரிலிருந்து தூக்கி, யாரும் வராத பின்னறையில் போட்டார்கள். செம்பரத்திவிளைக் கொடையில் அவள் நாடகம் அதற்குப் பிறகு நடக்கவில்லை. பெட்டி மட்டும் ஒன்றிரண்டு வீடுகளுக்குப் போய்வந்தது. யாரும் கேட்காமலே சுயம்புராஜ் அனுப்பிவைத்தார்.

ஆனால் நாடகம் வெளியே போனது. குழித்துறையில் ஒரு வாசகசாலையில் போட்டார்கள். பிறகு கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்கள் கூப்பிட்டார்கள். விடிவதற்கு முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் என்பதால், சாயங்காலமே தொடங்கி இருட்டுவதற்குள் முடிக்கச் சொன்னார்கள். எஸ்டேட் பஸ்ஸில், நாடகத்துக்காக ஷாஜன் பிளைவுட்டில் செய்த பெட்டியைக் கூரையில் கட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே போய் இறங்கியதும் கூப்பிட்டவர்கள் தயங்கினார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் ஒரு ஆள் பாம்பு கடித்துச் செத்து ஒரு மாதம்தான் ஆகிறது, அவருடைய மனைவி குளோரியும் பார்க்க வந்திருக்கிறாள், பெட்டி வருகிற காட்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். தாணம்மாள் முடியாது என்றாள். வேண்டுமானால் அந்தப் பெண்ணிடமே கேட்போம், அவள் வேண்டாம் என்றால் இப்போதே பஸ் ஏறுகிறோம் என்றாள். குளோரியிடம் போய்க் கேட்டார்கள். நடத்துங்கள் என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

நாடகம் முழுவதும் அவள் சிரிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். சுற்றிலும் எல்லோரும் சிரித்து விழும்போது தாணம்மாளுக்கு அவள் முகம் ஒன்றுதான் தெரிந்தது. குரலைக் குறைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. குறைக்கவில்லை, முன்னைவிடக் கூட்டித்தான் பேசினாள்.

முடிந்து மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது குளோரி பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் பிளைவுட் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தக் கெழவி கடைசியில சாவாளா, மாட்டாளா?"

"நான் எழுதுதவரைக்கும் சாவமாட்டா" என்றாள் தாணம்மாள்.

குளோரி தலையை ஆட்டினாள். அப்படியென்றால் தன் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு நடந்த ஒரு கூத்தைச் சொல்லவேண்டும் என்று, பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தாணம்மாளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. கொஞ்சம் நிற்கச் சொல்லு என்று ஷாஜனை அனுப்பினாள்.